ஜேன் ஐர்: முதல்முறை வாசிப்பவர்களுக்கு ஒரு வழித்துணை

ஷார்லட் பிராண்ட்டே எழுதிய ‘ஜேன் ஐர்’ 1847 அக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. தாய் தகப்பன் இல்லாமல் தாய்மாமன் வீட்டில் அடிபட்டு வளரும் பத்து வயதுச் சிறுமி, யார் தயவையும் எதிர்பார்க்காமல் தன் காலில் நிற்கும் பெண்ணாக ஆவதுதான் கதை. பெரும்பாலும் இதைக் காதல் கதை என்று சொல்லித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள். காதல் இருக்கிறது, கொதிக்கிற காதல்தான். ஆனால் அதற்காக மட்டும் புத்தகத்தை எடுத்தால், கதாநாயகன் கண்ணில் படவே பன்னிரண்டாம் அத்தியாயம் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள்.

நான் சொல்லும் வழி வேறு. வாசிக்கும்போது ஒரு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம், ஜேனின் கையில் இப்போது எவ்வளவு பணம் இருக்கிறது என்று எழுதுங்கள். வலது பக்கம், யாரிடம் எதற்கு ‘முடியாது’ என்றாள் என்று எழுதுங்கள். இந்த இரண்டு பத்திகளும் நிரம்ப நிரம்ப, சுதந்திரம் என்று பிராண்ட்டே எதைச் சொல்கிறார் என்பது தானாகப் பிடிபடும். பணக்கணக்கை இவ்வளவு கறாராக எழுதிய காதல் நாவலை நான் வேறு வாசித்ததில்லை. சம்பளம், வண்டிக்கூலி, பாக்கி, பங்கு என்று எல்லாவற்றுக்கும் தொகை இருக்கிறது.

கணக்கு எழுத ஒரு சின்னக் குறிப்பு: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ்.

எந்தப் பிரதியை எடுப்பது

முழு நாவலை எடுங்கள். 38 அத்தியாயங்கள், ஒன்றே முக்கால் லட்சம் சொற்களுக்கு மேல். பயப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. காதால் கேட்க விரும்பினால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிநூலும் இலவசம். ஆங்கிலத்தில் அவ்வளவு பழக்கமில்லை என்றால் குறிப்புகளோடு வரும் அச்சுப் பிரதி நல்லது. பைபிள் வரிகளும், கதாநாயகன் ரோச்செஸ்டர் வீட்டுச் சிறுமி அடேல் பேசும் பிரெஞ்சும் அடிக்கடி வரும்; குறிப்பு இருந்தால் கண்ணை ஓட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. அடேலின் பிரெஞ்சைத் தாண்டிப் போனாலும் கதை நழுவாது.

சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். சுருக்குபவர்கள் முதலில் கை வைப்பது கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான்: அவள் பிச்சை கேட்டு அலைவது, கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்துவது, அத்தை மகனின் கல்யாணப் பேச்சை மறுப்பது. அவள் சுதந்திரமாவதே அந்தப் பகுதியில்தான். திரைப்படங்களும் அதே இடத்தில்தான் அவசரப்படுகின்றன. அதனால் படம் பார்ப்பதைப் புத்தகம் முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

நாவல் முதலில் மூன்று தொகுதிகளாக வந்தது. 15ஆம் அத்தியாயத்தில் முதல் தொகுதி முடிகிறது, 26இல் இரண்டாவது, 38இல் மூன்றாவது. சில பதிப்புகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் அத்தியாய எண் 1இலிருந்து மறுபடி தொடங்கும். நான் இங்கே தொடர் எண்ணைத்தான் சொல்கிறேன். மூன்று தவணையாக வாசிப்பதுதான் சௌகரியம், ஒவ்வொரு தொகுதியும் நல்ல இடத்தில்தான் நிற்கிறது.

அகராதியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வாக்கியங்கள் நீளமானவை, அரைப்புள்ளி போட்டுப் போட்டு நீண்டுகொண்டே போகும். சிக்கிக்கொண்டால் வாய்விட்டு வாசியுங்கள். ஒரு பெண் நேரில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதப்பட்ட கதை இது. நடுநடுவே ‘வாசகரே’ என்று நம்மையே கூப்பிடுவாள். காதில் விழும்போது பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆசிரியரைப் பற்றிக் கொஞ்சம். ஷார்லட் 1816இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். எட்டு வயதில், பாதிரியார்களின் மகள்களுக்காக நடத்தப்பட்ட கோவன் பிரிட்ஜ் விடுதிப் பள்ளிக்கு அக்காமார்களோடு போனார். மூத்தவர்கள் மரியா, எலிசபெத் இருவரும் அங்கே நோய்ப்பட்டு 1825இல் இறந்தார்கள். நாவலில் வரும் லோவுட் பள்ளி அந்த நினைவிலிருந்து வந்தது. பிறகு ஷார்லட்டும் கவர்னஸ் வேலை பார்த்தார். 1841இல் ஒரு குடும்பத்தில் பெயருக்கு ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. துணி வெளுக்கும் செலவைக் கழித்துக்கொண்டது போக 16 பவுண்டுதான் தேறும் என்று தோழிக்கு எழுதினார். ஜேனுக்கு ஆண்டுக்கு 30 பவுண்டு என்று நாவலில் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1846 ஆகஸ்டில், தந்தையின் கண்புரை அறுவைக்காக மான்செஸ்டருக்குப் போயிருந்தபோது இந்த நாவலைத் தொடங்கினார். தந்தை கண்ணில் கட்டோடு இருட்டறையில் படுத்திருக்க, மகள் பக்கத்தில் இருந்து எழுதியிருக்கிறார். கடைசி அத்தியாயங்களை வாசிக்கும்போது இது தானாக நினைவுக்கு வரும். புத்தகம் கரர் பெல் என்ற புனைபெயரில் வந்தது. எழுதியது ஆணா பெண்ணா என்று லண்டனே பேசிக்கொண்டது.

கவர்னஸ் என்பவர் பணக்கார வீட்டில் தங்கி, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. படித்த, கையில் காசில்லாத பெண்ணுக்குக் கௌரவமாகக் கிடைத்த வேலை அநேகமாக அது ஒன்றுதான். வேலைக்காரர்களோடு உட்கார முடியாது, எஜமானர்களோடும் உட்கார முடியாது. 17ஆம் அத்தியாயத்தில் விருந்தாளிகள் ஜேன் காதுபடவே கவர்னஸ்களை மட்டமாகப் பேசுவார்கள். அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள இது தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்று சட்டம். இது தெரியாமல் வாசித்தால் பாதி நாவல் புரியாது. அன்றைய இங்கிலாந்தில் கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியமும் கைப்பணமும் கணவனைச் சேர்ந்தவை. அது மாறத் தொடங்கியது 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான். விவாகரத்து வேண்டுமென்றால் 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். துணைவருக்கு மனநோய் என்பது விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்படவில்லை. இதை நினைவில் போட்டு வைத்துக்கொண்டு முதல் பக்கத்தைத் திறங்கள்.

முதல் நான்கு அத்தியாயங்கள்: ஒரே அமர்வில்

கேட்ஸ்ஹெட் என்பது ஜேனின் தாய்மாமன் வீடு. மாமன் இறந்துவிட்டார். சாகும்போது இந்தக் குழந்தையைச் சொந்தப் பிள்ளைபோல வளர்க்க வேண்டும் என்று மனைவியிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்கைத்தான் ரீட் மாமி வேண்டாவெறுப்பாகச் சுமக்கிறாள்.

ஜேன் ஜன்னல் திட்டில் சிவப்புத் திரைக்குப் பின்னால் கால் மடக்கி உட்கார்ந்து, பறவைகள் பற்றிய படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருப்பாள். மாமன் மகன் ஜான், பதினான்கு வயது, அவளை வெளியே இழுத்து அந்தப் புத்தகத்தையே அவள் மேல் எறிவான். தலை கதவில் மோதி ரத்தம் வரும். எறிவதற்கு முன் அவன் சொல்வதைக் கவனியுங்கள்: எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கு உரிமை இல்லை, நீ அண்டிப் பிழைப்பவள், உன் அப்பா உனக்குக் காசு வைத்துவிட்டுப் போகவில்லை, நீ பிச்சைதான் எடுக்க வேண்டும். நோட்டின் இடது பக்கத்தில் முதல் வரியாக ‘பூஜ்யம்’ என்று எழுதுங்கள். அவன் வாயால் சொன்ன பிச்சை, பிற்பாடு நிஜமாகவே வரும்.

அவள் திருப்பி அடிக்கிறாள். தண்டனையாகச் சிவப்பு அறையில் பூட்டுகிறார்கள். அது மாமன் இறந்த அறை. அந்த அத்தியாயத்தை ஆற அமர வாசியுங்கள். பயத்தில் குழந்தை மனம் எப்படியெல்லாம் ஓடும் என்பதை இவ்வளவு கிட்டத்தில் இருந்து காட்டிய எழுத்து அதற்கு முன் ஆங்கிலத்தில் அபூர்வம்.

மூன்றாம் அத்தியாயத்தில் பலர் தாண்டிப் போகும் ஒரு இடம் உண்டு. மருந்துக்காரர் லாய்ட் அவளிடம், உனக்கு வேறு சொந்தக்காரர்கள் இருந்தால், அவர்கள் ஏழையாக இருந்தாலும் போகிறாயா என்று கேட்பார். மாட்டேன் என்பாள். ஏழைகள் என்றால் கந்தல், பட்டினி, முரட்டுத்தனம் என்றுதான் அந்தக் குழந்தைக்குத் தெரியும். கொடுமையிலிருந்து தப்பவும் அந்த விலையைக் கொடுக்கும் வீரம் தனக்கு அப்போது இல்லை என்று, வளர்ந்த ஜேன் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறாள். இந்த நேர்மைக்காகத்தான் நான் இவளை நம்புகிறேன். பிறவியிலேயே வீராங்கனை என்று பிராண்ட்டே இவளைக் காட்டுவதில்லை.

நான்காம் அத்தியாயத்தில், ஜேனைச் சேர்க்கப்போகும் லோவுட் பள்ளியின் நிர்வாகி பிராக்கல்ஹர்ஸ்ட் வருகிறார். நரகத்துக்குப் போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். உடம்பை நன்றாகப் பார்த்துக்கொண்டு சாகாமல் இருக்க வேண்டும் என்கிறாள் ஜேன். அவர் போனதும் மாமியின் முகத்துக்கு நேரே நின்று, நீங்கள் என் உறவு இல்லை என்பதில் எனக்குச் சந்தோஷம், இனி உங்களை மாமி என்று கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாள். வலது பத்தியின் முதல் பெரிய ‘முடியாது’ இதுதான். வென்ற சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது, பிறகு வெறுமை வருகிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் கோபத்தால் சுதந்திரம் கிடைத்துவிடாது என்பதை அவள் பத்து வயதிலேயே கண்டுகொள்கிறாள்.

லோவுட்: 5 முதல் 10 வரை

கருகிய கஞ்சி, உறைந்த தண்ணீர், பசி. பிள்ளைகளின் சுருள்முடி ஆணவத்தின் அடையாளம், வெட்ட வேண்டும் என்று பிராக்கல்ஹர்ஸ்ட் பிரசங்கம் செய்யும்போதே, அவர் மனைவியும் மகள்களும் வெல்வெட்டும் பட்டும் உடுத்தி, முடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள். காய்ச்சல் பரவும்போது 80 பிள்ளைகளில் 45 பேர் ஒரே நேரத்தில் படுத்துவிடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவள் ஹெலன் பர்ன்ஸ். அடித்தாலும் பொறுத்துக்கொள்பவள், பகையை வளர்க்க வாழ்க்கை போதாது என்பவள். ஷார்லட்டின் அக்கா மரியாவின் சாயல் இவளிடம் உண்டு. முதல் வாசிப்பில் ஹெலன் மேல் எரிச்சல் வரலாம். ஜேனுக்கும் முழுச் சம்மதம் இல்லை. தன்னை அநியாயமாக அடிப்பவரைத் திருப்பி அடிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறாள். ஆனால் ஹெலனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறாள்: உலகமே தூற்றினாலும் மனசாட்சி சரி என்றால் தாங்கிக்கொள்ளலாம் என்பதை. அது 27ஆம் அத்தியாயத்தில் கைகொடுக்கும்.

பத்தாம் அத்தியாயத்தை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எட்டு வருடம் ஓடிவிட்டது. ஆறு வருடம் மாணவி, இரண்டு வருடம் ஆசிரியை. சம்பளம் ஆண்டுக்கு 15 பவுண்டு. ஜன்னலில் நின்று சுதந்திரம் வேண்டும் என்று ஏங்குகிறாள். அது பெரிய ஆசை என்று தோன்றியதும் அதைக் குறைத்து, குறைந்தபட்சம் வேறொரு இடத்தில் ஊழியமாவது கிடைக்கட்டும் என்கிறாள். பிறகு ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து யோசித்து, பத்திரிகையில் வேலை கேட்டு விளம்பரம் எழுதுகிறாள். தனக்கே பதினெட்டு வயதுதான் என்பதால் பிள்ளைகள் பதினான்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று யோசித்துப் போடுகிறாள். ஒரு வாரம் கழித்து, செருப்புக்கு அளவு கொடுக்கும் சாக்கில் லோட்டன் ஊருக்கு நடந்து போய், அஞ்சலகத்தில் தன் முதலெழுத்துக்களுக்குக் கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கிறாள். ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. 30 பவுண்டு, இரட்டிப்புச் சம்பளம். யாரும் அவளுக்கு வேலை வாங்கித் தரவில்லை என்பதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

தார்ன்ஃபீல்ட்: நிதானமாகப் போகவேண்டிய இடம்

11 முதல் 26 வரை, ஜேன் கவர்னஸாகப் போகும் ரோச்செஸ்டரின் இந்த மாளிகைதான். மேல்மாடியில் கேட்கும் சிரிப்பு, நள்ளிரவுத் தீ என்று மர்மம் நம்மை இழுத்துக்கொண்டு போகும். ஓடுங்கள், தவறில்லை. ஆனால் நான்கு இடங்களில் நில்லுங்கள்.

முதலாவது 12ஆம் அத்தியாயத்தில், ஜேன் கூரைமேல் ஏறி அடிவானம் பார்க்கும் பத்தி. பெண்களும் ஆண்களைப் போலத்தான் உணர்கிறார்கள், அவர்களுக்கும் தங்கள் திறமைக்கு வேலை வேண்டும் என்று நேரடியாகச் சொல்கிறாள். 1847இல் இதை அச்சில் பார்த்துப் பதறியவர்கள் இருந்தார்கள். புத்தகமே கிறிஸ்தவத்துக்கு விரோதமானது என்று மறு ஆண்டு ஒரு பெரிய பத்திரிகையின் மதிப்புரை கண்டித்தது.

இரண்டாவது, 14ஆம் அத்தியாய உரையாடல். நான் அழகாக இருக்கிறேனா என்று ரோச்செஸ்டர் கேட்க, இல்லை ஐயா என்கிறாள். எனக்கு வயது அதிகம், உலகம் பார்த்தவன், அதனால் உன்னை அதிகாரம் செய்யலாமா என்று கேட்டால், வயதால் மட்டும் அந்த உரிமை வராது, அந்தக் காலத்தை நீங்கள் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதைப் பொறுத்தது என்கிறாள். பேசுவது 30 பவுண்டு சம்பளக்காரி, எதிரே இருப்பவர் முதலாளி.

மூன்றாவது 21ஆம் அத்தியாயம். சாகக் கிடக்கும் மாமியைப் பார்க்க ஜேன் லீவு கேட்கிறாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்கிறார் ரோச்செஸ்டர். ஐந்து ஷில்லிங். அவர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். எனக்குச் சேரவேண்டியது 15தான், என்னிடம் சில்லறை இல்லை என்று மறுக்கிறாள். அவர் முகம் சுளித்து, பிறகு யோசித்து, 50 கொடுத்தால் மூன்று மாதம் வராமல் இருந்துவிடுவாய் என்று 10 பவுண்டு மட்டும் தருகிறார். சரி, அப்படியானால் நீங்கள் எனக்கு இன்னும் ஐந்து பவுண்டு பாக்கி என்கிறாள். விளையாட்டும் பாசமும் கலந்த இந்தப் பேச்சில், கூடுதலாக ஒரு காசும் வாங்காத உறுதி இருக்கிறது. இரண்டு பத்திகளிலும் ஒரே நேரத்தில் எழுதவேண்டிய காட்சி இது.

நான்காவது 23, 24. தோட்டத்தில், நான் ஏழை, அழகில்லாதவள், சின்ன உருவம், அதனால் எனக்கு ஆன்மா இல்லை, இதயம் இல்லை என்று நினைக்கிறீர்களா என்று அவள் கேட்கும் இடம் உலகப் புகழ் பெற்றது. அதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. அடுத்த அத்தியாயத்தைத்தான் பலரும் வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். கல்யாணம் நிச்சயமானதும் ரோச்செஸ்டர் அவளைக் கடைக்கு அழைத்துப் போய்ப் பட்டும் நகையுமாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார். ஒவ்வொன்று வாங்க வாங்க அவள் முகம் எரிகிறது. பொம்மைக்குச் சட்டை போடுவதுபோலத் தன்னை அலங்கரிக்க விடமாட்டேன் என்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகும் அடேலுக்குப் பாடம் சொல்லி, அதே 30 பவுண்டில் என் துணிமணியை நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறாள். அப்புறம், எனக்கென்று சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருந்தால் இதைத் தாங்கிக்கொள்ளலாமே என்று நினைத்து, மதீராத் தீவில் வியாபாரம் செய்யும் தன் தந்தையின் சகோதரருக்குக் கல்யாணச் செய்தியைக் கடிதமாக எழுதுகிறாள். அந்தக் கடிதத்தை மறந்துவிடாதீர்கள்.

26ஆம் அத்தியாயம் முடியும் வரை இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மர்மம் அங்கேதான் உடைகிறது, முன்கூட்டியே தெரிந்தால் அந்த அதிர்ச்சி போய்விடும். முடித்துவிட்டு வந்து கீழே தொடருங்கள்.

திருமணம் நின்ற பிறகு

இப்போது உங்களுக்குத் தெரியும்: ரோச்செஸ்டருக்கு ஏற்கனவே மனைவி இருக்கிறாள். ஜமைக்காவின் பெர்த்தா மேசன், மனநோயாளி, மூன்றாம் மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். தேவாலயத்தில் கல்யாணத்தை நிறுத்தியது எது? ஜேனின் கடிதம்தான். அது மதீராவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பெர்த்தாவின் சகோதரர் மேசன் அந்த உறவினரோடு இருந்தார். தனக்கென்று சொந்தக் காசு வேண்டும் என்று பட்டுத்துணிக் கடைக்குப் போய்த் திரும்பும்போது ஜேனுக்கு வந்த அந்த எண்ணம்தான் அவளைச் சட்டத்துக்குப் புறம்பான கல்யாணத்திலிருந்து காப்பாற்றியது. பிராண்ட்டே இதை எங்கும் விரல் நீட்டிச் சொல்வதில்லை. நோட்டு வைத்து வாசித்தவர்களுக்குத்தான் அது பளிச்சென்று தெரியும்.

27ஆம் அத்தியாயத்தை இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை வாதத்துக்காக. ரோச்செஸ்டர் கெஞ்சுகிறார்: பிரான்சின் தெற்கே கடலோரத்தில் வெள்ளை மாளிகை இருக்கிறது, அங்கே போய் என் மனைவியாகவே வாழலாம். அவர் அயோக்கியர் என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை, ஜேன் அவரை உயிராக நேசிக்கிறாள், தடுக்க உலகில் அவளுக்கு யாரும் இல்லை. பிறகு ஏன் மறுக்கிறாள்?

பதில் அவர் வாயிலிருந்தே வருகிறது. தன் பழைய காதலிகளைப் பற்றிப் பேசும்போது, பணம் கொடுத்து ஒரு பெண்ணை வைத்துக்கொள்வது அடிமை வாங்குவதற்கு அடுத்தபடியான கேடு, இருவருமே நமக்குக் கீழே இருப்பவர்கள், அவர்களோடு வாழ்வது இழிவு என்று சொல்லிவிடுகிறார். ஜேன் அதைப் பிடித்துக்கொள்கிறாள். நானும் அந்த வரிசையில் போய் நின்றால், ஒருநாள் என்னையும் இதே குரலில்தான் நினைப்பார். உன்னைப் பற்றி உலகில் யாருக்கு அக்கறை என்று அவள் மனமே கேட்கிறது. எனக்கு அக்கறை இருக்கிறது என்று அவளே பதில் சொல்கிறாள். எவ்வளவு தனிமையோ, எவ்வளவு துணையற்றவளோ, அவ்வளவுக்கு என்னை நானே மதிப்பேன்.

பிறகு விடியுமுன் கிளம்புகிறாள். ரோச்செஸ்டர் கட்டாயப்படுத்திக் கொடுத்த முத்துமாலையை வைத்துவிட்டு, 20 ஷில்லிங் இருக்கும் பர்சை மட்டும் எடுக்கிறாள். சமையலறையில் கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் தண்ணீர். பக்கவாசல் சாவிக்கும் பூட்டுக்கும் ஓர் இறகால் எண்ணெய் தடவுகிறாள், சத்தம் வரக்கூடாது என்று. அந்த எண்ணெய் தடவிய பூட்டு ஒன்று போதும், பிராண்ட்டே எப்பேர்ப்பட்ட எழுத்தாளர் என்று சொல்ல. மனம் உடைந்து சிதறும் நேரத்திலும் கை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

வண்டிக்காரன் 30 ஷில்லிங் கேட்கிறான். இருப்பது 20. அதற்குத் தகுந்த தூரத்தில் இறக்கிவிடுகிறான். மூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். இடது பத்தியில் மறுபடி பூஜ்யம். கழுத்துக் கைக்குட்டையையும் கையுறையையும் கொடுத்து ரொட்டி கேட்கிறாள், கடைக்காரி வாங்க மறுக்கிறாள். பன்றித் தொட்டியில் கொட்டப்போன ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். சின்ன வயதில் ஜான் ரீட் சொன்ன பிச்சை வந்தேவிட்டது. ஏழ்மையைக் கண்டு அன்று பின்வாங்கிய சிறுமி, இன்று அதைத் தானே தேர்ந்தெடுத்து நடந்திருக்கிறாள். உங்கள் நோட்டைப் பாருங்கள்: வலது பக்கத்தின் மிகப் பெரிய ‘முடியாது’வும், இடது பக்கத்தின் மிகக் குறைந்த தொகையும் ஒரே வரியில் இருக்கும்.

மோர்ட்டன்: தாண்டவே கூடாத பகுதி

ரிவர்ஸ் சகோதரிகள் டயானாவும் மேரியும் அவளைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களின் அண்ணன் செயின்ட் ஜான், பாதிரியார், ஏழைப் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியில் வேலை தருகிறார். சம்பளம் அதே 30 பவுண்டு, கூடவே தனக்கென்று ஒரு குடிசை. முதல் நாள் 20 பிள்ளைகள் வருகிறார்கள். மூன்று பேருக்குத்தான் வாசிக்கத் தெரியும், எழுத ஒருவருக்கும் தெரியாது. இந்த வேலையில் தன் அந்தஸ்து இறங்கிவிட்டதாக முதல் நாள் மாலை தோன்றியது என்று ஜேன் ஒப்புக்கொள்கிறாள், அப்படித் தோன்றியதே தவறு என்றும் சொல்கிறாள். தெற்கு பிரான்சின் மார்செய் நகரில் மாயச் சொர்க்கத்தில் அடிமையாக இருப்பதா, கிராமத்துப் பள்ளியில் நேர்மையாகவும் சுதந்திரமாகவும் இருப்பதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள்.

பிறகு மதீரா உறவினரின் சொத்து வருகிறது: 20,000 பவுண்டு. ரிவர்ஸ் பிள்ளைகள் மூவரும் தன் சொந்த அத்தை பிள்ளைகள் என்பதும் தெரிகிறது. பணச் செய்தியைக் கேட்டபோது கனத்த மனம், உறவுச் செய்தியைக் கேட்டதும் துள்ளுகிறது. நான்காகப் பிரித்து ஆளுக்கு 5,000 என்கிறாள். நடுவர்களை வைத்து முறைப்படி எழுதியும் கொடுக்கிறாள். இவ்வளவு தற்செயலா என்று சில வாசகர்கள் முணுமுணுப்பார்கள். நியாயம்தான், கதையின் பலவீனமான முடிச்சு இதுதான். ஆனால் பணத்தை அவள் என்ன செய்கிறாள் என்பது தற்செயல் இல்லை.

செயின்ட் ஜானைப் பற்றி எச்சரிக்கை: இவரை வில்லன் என்று முத்திரை குத்தாமல் வாசியுங்கள். நல்லவர், படித்தவர், தன்னையே வருத்திக்கொள்பவர். இந்தியாவுக்கு மிஷனரியாகப் போகத் தயாராகிறார். ஜேன் ஆசையாகப் படித்துக்கொண்டிருந்த ஜெர்மனை விட்டுவிட்டு இந்துஸ்தானி படி என்கிறார், அவள் படிக்கிறாள். வலது பத்தியில் ‘முடியாது’ வராத இடம் அது; குறித்துக்கொள்ளுங்கள். ரோச்செஸ்டரின் கொதிப்பை எதிர்த்தவளுக்கு இந்தக் குளிர்ச்சியை எதிர்க்கத் தெரியவில்லை. கடைசியில், என்னை மணந்துகொண்டு இந்தியாவுக்கு வா, நீ உழைப்புக்காகப் பிறந்தவள், காதலுக்காக இல்லை என்கிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள். அவர் விடாமல் அழுத்தும்போது, உங்களைக் கட்டிக்கொண்டால் என்னைக் கொன்றுவிடுவீர்கள், இப்போதே கொன்றுகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்கிறாள். ரோச்செஸ்டர் கேட்டது சட்டம் இல்லாத காதல், இவர் கேட்பது காதல் இல்லாத சட்டம். இரண்டையும் மறுக்கத் தெரிந்த பிறகுதான் 35ஆம் அத்தியாயத்தில், எங்கோ தொலைவிலிருந்து ரோச்செஸ்டர் தன்னைக் கூப்பிடும் குரல் அவளுக்குக் கேட்கிறது. அது அமானுஷ்யமா, மனமா என்று முதல் வாசிப்பில் முடிவு கட்ட வேண்டாம்.

முடிவும் மறுவாசிப்பும்

37ஆம் அத்தியாயத்தில் ஜேன், பார்வையும் ஒரு கையும் இழந்த ரோச்செஸ்டரிடம் வந்து, எனக்குச் சொந்தப் பணம் இருக்கிறது, எனக்கு நானே எஜமானி என்கிறாள். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில், வாசகரே, நான் அவரை மணந்துகொண்டேன் என்கிறாள். மணந்துகொண்டது யார் என்று பாருங்கள். இத்தனை நாள் நீங்கள் எழுதிய இரண்டு பத்திகளும் அந்த வரியில் வந்து சேர்கின்றன. ஒரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம். முன்னேற்பாடாகப் பத்திரம் எழுதி வைக்காவிட்டால், அன்றைய சட்டப்படி அந்த 5,000 பவுண்டு கல்யாணத்தன்றே கணவன் கைக்குப் போய்விடும். நாவல் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி பெர்த்தா. 30,000 பவுண்டு சீதனத்தோடு வந்தவள் அவள். மேற்கிந்தியத் தீவுகளில் அப்படிப்பட்ட செல்வம் எழும்பியது அடிமை உழைப்பில்தான். நாவலில் அவளுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. உறுமுகிறாள், சிரிக்கிறாள், மிருகத்தைப் போல வர்ணிக்கப்படுகிறாள். அநாதைக் குழந்தையின் வலியை அவ்வளவு நுட்பமாகக் கேட்ட எழுத்தாளரின் காது இவளிடம் அடைத்துப்போகிறது. எனக்கு இந்த நாவல் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைப் பூசி மெழுக மாட்டேன். இந்தியாவும் இதில் வெயிலில் மிஷனரிகள் சாகும் ஒரு தூர தேசமாக மட்டும்தான் வருகிறது. நாவலின் கடைசிப் பத்திகள் அங்கே இருக்கும் செயின்ட் ஜானைப் பற்றியவை.

இரண்டாம் முறை வாசிக்கும்போது மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள்: பெர்த்தா வரும் இடங்கள். 11ஆம் அத்தியாயத்துச் சிரிப்பிலிருந்து 36இல் தீயில் கூரைமேல் நிற்பது வரை. அவள் யாரைத் தாக்குகிறாள், யாரைத் தொடாமல் விடுகிறாள் என்று எழுதுங்கள். கல்யாணத்துக்கு முன் ஒரு ராத்திரி ஜேனின் அறைக்கு வந்து முக்காட்டைக் கிழித்தவள், ஜேன் மேல் கை வைக்கவில்லை. அதன்பிறகு, டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் பெர்த்தாவின் பக்கத்திலிருந்து எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ நாவலை எடுங்கள். சின்ன நூல்தான். ஆனால் முதலில் இதை முடித்துவிட்டு அதற்குப் போங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.